கேத்திலில் பிடித்த கல்லுக்கு எந்த வினாகிரி?

வீட்டுத் துப்புரவுக்கென்று அப்பிள் சைடர் வினாகிரி வாங்க யாழ்ப்பாணத்தில் ஒரு தேவையும் இல்லை. குடிப்பதற்கு வாங்கி மிச்சமாகிப்போன போத்தல் வீட்டில் இருந்தால் அதைக் கொட்டவும் வேண்டாம். அதற்குச் சில வேலைகள் உண்டு. ஆனால் புதிதாகக் காசு கொடுப்பதென்றால் வெள்ளை வினாகிரிக்கும் சிற்றிக் அமிலத்துக்கும் கொடுங்கள். இப்படிச் சொல்வதற்கு முதற்காரணம் எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டை ஏற்றுக்கொண்டு, கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே கிணற்றுக்கு வருகிறது. அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் காபனீரொட்சைட்டு வெளியேற, கரைந்திருந்த கல் மறுபடி கல்சியம் காபனேற்றாகிக் கேத்திலின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. ஷவரின் துளை அடைபடுவது, கண்ணாடிக் குவளை புகைபிடித்ததுபோல் மங்குவது, சவர்க்காரம் நுரைக்காமல் திரிவது எல்லாம் இதே கல்லின் வேலைதான். இலங்கையின் குடிநீர்த் தரத்தில் மொத்த வன்மைக்கு (தண்ணீரில் கரைந்திருக்கும் கல்லின் அளவுக்கு) வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். குடாநாட்டில் அதைத் தாண்டும் கிணறுகள் ஏராளம்.

இணையத்தில் உலாவும் துப்புரவுக் குறிப்புகள் பெரும்பாலும் மென்னீர் (கல் குறைந்த தண்ணீர்) உள்ள ஊர்களில் எழுதப்பட்டவை. "ஒரு வாளி தண்ணீருக்கு கால் கோப்பை வினாகிரி" என்று அவற்றில் இருக்கும். வன்மை லீற்றருக்கு 300 மில்லிகிராம் உள்ள கிணற்றுத் தண்ணீரை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். அந்த வன்மை பெரும்பாலும் இருகாபனேற்றாக (காபனீரொட்சைட்டோடு சேர்ந்து கரைந்த கல்லாக) இருந்தால், 10 லீற்றர் தண்ணீரே 3.6 கிராம் அசற்றிக் அமிலத்தைத் தின்றுவிடும். 5 சதவீத வினாகிரியில் அது 72 மில்லிலீற்றர், ஏறத்தாழ ஐந்து மேசைக்கரண்டி. கால் கோப்பை என்பதே 60 மில்லிலீற்றர்தான். ஆக, வாளிக்குள் ஊற்றிய வினாகிரி துணியைத் தொடும் முன்னமே தண்ணீரிலேயே முடிந்துவிடுகிறது. "வினாகிரி போட்டும் ஒன்றும் நடக்கவில்லை" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். எங்கள் ஊரில் துப்புரவுக்கு அமிலம் கூடுதலாகத் தேவை. கூடுதலாகத் தேவைப்படும் பொருளை விலை கூடிய போத்தலில் வாங்குவதில் பயனில்லை.

போத்தலுக்குள் இருப்பது என்ன

அப்பிள் சைடர் வினாகிரியில் துப்புரவாக்கும் பொருள் அசற்றிக் அமிலம். பெரும்பாலான போத்தல்களில் 5 சதவீதம். கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினாகிரியிலும் அதே அமிலம், 4 அல்லது 5 சதவீதம். கல்லைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. அப்பிளிலிருந்து வந்த மற்றவை, அதாவது கொஞ்சம் சீனி, நிறம், கனியுப்புகள், இன்னும் சில அமிலங்கள், துப்புரவுக்கு உதவுவதில்லை. பல இடங்களில் கெடுதல் செய்கின்றன. வெள்ளை வினாகிரி காய்ந்தால் மிச்சம் எதுவும் இராது. அப்பிள் வினாகிரி காய்ந்தால் மெல்லிய பிசுபிசுப்பு நிற்கும். கண்ணாடியில் அது கோடாகத் தெரியும், வெள்ளை வேட்டியில் மஞ்சள் கறையாகும், ரைல்ஸ்களுக்கு இடையிலுள்ள சீமெந்தில் ஊறி நிறம் மாற்றும், குசினி மேசையில் எறும்பைக் கூப்பிடும். வடிகட்டாத வகையில் அடியில் ஆடைபோல மிதக்கும் படலம், வினாகிரிப் பக்டீரியா கட்டும் செலுலோசு. விசிறு போத்தலில் ஊற்றினால் அது போத்தலின் மூக்கை அடைத்துவிடும்.

விலையை ஒப்பிடும்போது போத்தலின் விலையைப் பார்க்காமல் அமிலத்தின் விலையைப் பாருங்கள். மில்லிலீற்றரைச் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் போத்தலில் எத்தனை கிராம் அமிலம் என்பது கிடைக்கும். 500 மில்லிலீற்றர், 5 சதவீதம் என்றால் 25 கிராம். விலையை அந்த 25 ஆல் வகுங்கள். இறக்குமதியாகும் அப்பிள் வினாகிரி பல மடங்கு விலை கூடியது என்பது எந்தக் கடையிலும் உடனே தெரிந்துவிடும்.

சிற்றிக் அமிலத்தையும் இதே அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். கேக் சாமான் விற்கும் கடைகளிலும் சில பாமசிகளிலும் வெள்ளைப் பளிங்குத் தூளாகக் கிடைக்கிறது. தட்டையாக எடுத்த இரண்டு மேசைக்கரண்டி சுமார் 25 கிராம். அந்த 25 கிராம், அரை லீற்றர் வினாகிரிப் போத்தல் முழுவதும் கரைக்கும் அளவு கல்லைக் கிட்டத்தட்டக் கரைக்கும்: ஏறக்குறைய 20 கிராம் கல். வாசம் இல்லை, ஆவியாகிக் கண்ணைக் கரிக்காது, ஈரம் படாமல் மூடி வைத்தால் கெடாது. கல் பிடித்த பாத்திரங்களுக்கு எங்கள் தேர்வு இதுதான்.

அப்படியானால் தேசிக்காய்? தேசிக்காய்ச் சாற்றின் புளிப்பும் சிற்றிக் அமிலம்தான், 5 அல்லது 6 சதவீத அளவில். ஒரு காயில் சுமார் 20 மில்லிலீற்றர் சாறு வருமென்று வைத்தால் கையில் கிடைப்பது ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடிய அமிலம். இரண்டு மேசைக்கரண்டித் தூளுக்கு ஈடாக இருபது தேசிக்காய் பிழிய வேண்டும். வேலியோரத்து மரம் காய்த்துக் கொட்டும் காலத்தில் சரி. காய் விலையேறும் மாதங்களில் அதைக் கேத்திலுக்குள் பிழிவது வீண். பிழிந்த பிறகு மிஞ்சும் கோதுதான் துப்புரவுக்கு உகந்தது. ஒரு எச்சரிக்கை: தேசிக்காய்ச் சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றால் தோல் கொப்புளித்துக் கறுத்துப்போகும். தேசிக்காயின் தோலிலும் சாற்றிலும் உள்ள ஒரு பொருள் சூரிய ஒளியோடு சேர்ந்து செய்யும் வேலை அது. கிணற்றடியில் பாத்திரம் தேய்ப்பவர்கள் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டே வெயிலுக்கு வரவேண்டும்.

கள்ளிலிருந்து வரும் வினாகிரியையும் பலர் கேட்கிறார்கள். தென்னங்கள்ளு வினாகிரி நல்ல சரக்கு. அதன் இடம் அச்சாறுப் போத்தல். பனங்கள்ளை வாயகன்ற பானையில் துணி கட்டிச் சில வாரம் வைத்தால் அதுவும் வினாகிரியாகும் (சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கியது ஆகாது; சுண்ணாம்பு புளிக்க விடாது). ஆனால் வீட்டில் ஆன வினாகிரியின் அமில அளவு பானைக்குப் பானை மாறும். அதற்கும் நிறமும் பிசுபிசுப்பும் உண்டு. துப்புரவில் அது அப்பிள் வினாகிரியின் இடத்தைப் பிடிக்குமே தவிர, வெள்ளை வினாகிரியின் இடத்தைப் பிடிக்காது.

முதலில் ஒரு சொட்டுச் சோதனை

எதை ஊற்றுவது என்று முடிவெடுக்க முன்னர், படிந்திருப்பது என்ன என்று பாருங்கள். ஈரத்துணியால் துடைத்தாலே போய்விட்டால் அது உப்பு. தீவுப்பகுதியிலும் கரையோரக் கிணறுகளிலும் இது சாதாரணம். அதற்கு வினாகிரி தேவையில்லை, நல்ல தண்ணீர் போதும். துடைத்துப் போகாத படிவின் மேல் ஒரு சொட்டு வினாகிரி விட்டு அரை நிமிடம் பாருங்கள். குமிழ் வந்தால் சுண்ணாம்புக் கல். வினாகிரியும் கரைக்கும், சிற்றிக் அமிலமும் கரைக்கும். குமிழ் வராமல் வழுவழுவென்று இருந்தால் சவர்க்காரமும் கல்சியமும் சேர்ந்த அழுக்கு. அதை அமிலம் உடைக்கும், ஆனால் உடைந்தபின் கொழுப்பமிலம் மெழுகாக அங்கேயே நிற்கும். வினாகிரி பூசிப் பத்து நிமிடம் விட்டு, பிறகு பாத்திரம் கழுவும் திரவம் போட்டுத் தேய்த்தால்தான் அது வரும். குளியலறைச் சுவரில் வினாகிரி மட்டும் போட்டுக் களைத்துப்போகிறவர்கள் இந்த இரண்டாவது படியைத்தான் விடுகிறார்கள். சிவப்பு மண்ணிறக் கறை என்றால் இரும்புக் கறள். அதற்கு வினாகிரி மெதுவாகத்தான் வேலை செய்யும். சிற்றிக் அமிலம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் தன்மை உள்ளதால் நன்றாக வேலை செய்யும்.

கேத்திலுக்கு

மின்கேத்திலில் ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி சிற்றிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். கொதிக்கும்போதே கொட்டினால் காபனீரொட்சைட்டு ஒரேயடியாக வெளியேறிச் சுடுதண்ணீர் பொங்கிக் கையில் வழியும். அரை மணி நேரம் விட்டு ஊற்றி, இரண்டு தரம் அலசி, புதுத் தண்ணீர் ஒரு தரம் கொதிக்க வைத்துக் கொட்டினால் போதும். கல் தடிப்பாக இருந்தால் ஒரே தரத்தில் தூளைக் கூட்டாதீர்கள். கரைந்த கல்சியம் கூடும்போது கல்சியம் சித்திரேற்று என்ற வெள்ளைத் தூள் வீழ்படிவாகும். அது கேத்திலில் ஒட்டினால் எடுப்பது சிரமம். 25 கிராமாக இரண்டு தரம் செய்வதே முறை.

வினாகிரியால் செய்வதென்றால், கல் மூழ்கும் அளவுக்குப் பாதி வினாகிரியும் பாதி தண்ணீரும் ஊற்றி, கொதி வரும் முன் நிறுத்தி ஒரு மணி நேரம் விடுங்கள். கொதிக்க விட்டால் ஆவி கண்ணையும் தொண்டையையும் கரிக்கும். குசினி யன்னலைத் திறந்து வையுங்கள். இந்த வேலைக்கு மிச்ச அப்பிள் வினாகிரி தாராளமாகச் சரிவரும். பிசுபிசுப்பை அலசிவிடலாம், நிறம் உருக்குப் பாத்திரத்தில் பிடிக்காது.

அடுப்பில் வைக்கும் அலுமினியக் கேத்திலுக்கு இவை எதுவும் நல்லதல்ல. அமிலம் அலுமினியத்தையே அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழி விழுத்தும். அரைத் தேசிக்காய் பிழிந்த தண்ணீரைப் பத்து நிமிடம் வைத்து ஊற்றி, இளகியதை மட்டும் தேய்த்து எடுங்கள். முழுவதையும் எடுக்க முயலாதீர்கள்.

ஷவரும் பைப்பும்

துளை அடைத்த ஷவருக்கு, ஒரு பொலித்தீன் பையில் வெள்ளை வினாகிரியை ஊற்றி ஷவர்த் தலை மூழ்கும்படி இறப்பர் வளையத்தால் கட்டுங்கள். அரை மணி, கூடினால் ஒரு மணி. இரவு முழுவதும் விடச் சொல்வதை நம்பாதீர்கள்: பளபளக்கும் குரோமப் பூச்சுக்கு அடியில் பெரும்பாலும் பித்தளையோ பிளாஸ்ரிக்கோ இருக்கிறது, பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் வழியே அமிலம் இறங்கினால் பூச்சு செதிலாக உரியும். கழற்றியபின் பழைய பற்தூரிகையால் துளைகளைத் தேய்த்து, சுடுதண்ணீரை ஒரு நிமிடம் ஓட விடுங்கள். தண்ணீர் கசியாமல் தடுக்கும் இறப்பர் வளையங்களும் அமிலத்தில் நெடுநேரம் ஊறினால் இறுகிப்போகும். சலவை இயந்திரத்துக்கும் பிறஷர் குக்கர் வளையத்துக்கும் இதே விதி.

கக்கூசுக் கோப்பையில் பிடித்த கல்லுக்கு வினாகிரி போதாது, ஏனென்றால் அங்கே நிற்கும் தண்ணீரே அதை ஐதாக்கிவிடும். வாளித் தண்ணீரை வேகமாக அடித்து ஊற்றிக் கோப்பையில் நிற்கும் நீரைக் குறைத்துவிட்டு, 100 கிராம் சிற்றிக் அமிலத்தை ஒரு லீற்றர் சுடுதண்ணீரில் (கொதிநீர் வேண்டாம், பீங்கான் வெடிக்கும்) கரைத்து ஊற்றி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் தூரிகை போட்டால் வரும்.

கண்ணாடிக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் 60 மில்லிலீற்றர் வெள்ளை வினாகிரி. கலக்கும் தண்ணீர் மழைத்தண்ணீரோ காய்ச்சி வடித்ததோ ஆக இருக்கட்டும். 300 மில்லிகிராம் வன்மையுள்ள கிணற்றுத் தண்ணீரில் கலந்தால் அமிலத்தில் எட்டில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். காய்ந்தபின் கண்ணாடியில் மறுபடி கல்சியப் புள்ளியும் விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு கலன் பிடித்து மூடி வைத்தால் யன்னல் துடைக்க மாதக்கணக்கில் போதும். துடைக்க முன்னர் வெறும் தண்ணீரால் தூசியைக் கழுவுங்கள். மணல் இருந்தால் துணியே கீறிவிடும்.

எந்தப் புளிப்பையும் ஊற்றக்கூடாத இடங்கள்

இது யாழ்ப்பாணத்தில் விசேடமாகச் சொல்லவேண்டியது. பழைய நாற்சார் வீடுகளின் சுண்ணாம்புச் சாந்துச் சுவர், நெடுந்தீவில் இன்றும் நிற்கும் பவளக்கல் மதில், மாபிள், மாபிள் துகள் பதித்த நிலம், மெருகேற்றிய சிவப்புச் சீமெந்து நிலம் எல்லாமே கேத்திலில் பிடித்த கல்லின் உறவுகள். அமிலம் இவற்றை ஊத்தையென்றும் சுவரென்றும் பிரித்துப் பார்க்காது. ஒரு தரம் துடைத்தாலே மெருகு போய் வெளிறிப்போகும். திருப்பி எடுக்க முடியாது. மாரிகாலத்தில் சுண்ணாம்புச் சுவரில் பூஞ்சணம் பிடித்தால் வினாகிரி விசிறாதீர்கள். காய்ந்த தூரிகையால் தட்டி, காற்றோட்டம் விட்டு, தேவையென்றால் புதுச் சுண்ணாம்பு அடியுங்கள். ரைல்ஸ் நிலத்தில் போடலாம், ஆனால் இடையிலுள்ள சீமெந்து கரையாமல் இருக்க முதலில் வெறும் தண்ணீரால் நனைத்து, ஐந்து நிமிடத்துக்குள் கழுவிவிட வேண்டும்.

பித்தளைக் குத்துவிளக்குக்கு அப்பிள் வினாகிரியைவிடப் பழப்புளி நல்லது. புளியின் தார்த்தாரிக் அமிலம் செம்பின் கறுப்பைப் பிடித்து எடுக்கிறது. சதை மெதுவாகத் தேய்க்கவும் உதவுகிறது. பழைய புளி வீட்டிலேயே இருக்கும். பூசி ஐந்து பத்து நிமிடத்தில் கழுவி, உடனே துடைத்து உலர்த்துங்கள். எந்தப் புளிப்பிலும் நெடுநேரம் ஊற வைத்தால் பித்தளையிலுள்ள நாகம் (துத்தநாகம்) கரைந்து செம்மை தட்டும். வினாகிரியின் ஈரம் மடிப்புகளில் நின்றால் பச்சையாகக் களிம்பு பூக்கும். அது நஞ்சு, சமையல் பாத்திரத்தில் இருக்கவே கூடாது.

எண்ணெய்ப் பிசுக்குக்கும் அமிலம் தோதல்ல. அடுப்படியிலும் மின்விசிறி இதழிலும் படியும் நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய்ப் பிசுக்கு காரத்துக்குத்தான் இளகும்: சவர்க்காரம், சலவைச்சோடா, சாம்பல். வினாகிரியையும் அப்பச்சோடாவையும் கலந்து நுரைக்க விடுவது பார்க்க நன்றாக இருக்கும். நுரை அடங்கியதும் மிஞ்சுவது சோடியம் அசற்றேற்று கரைந்த தண்ணீர். அமிலமும் இல்லை, காரமும் இல்லை. ஒன்றைப் போட்டுக் கழுவியபின் மற்றதைப் போடுங்கள்.

கிருமி விடயத்தில் வினாகிரியை நம்பவேண்டாம். வயிற்றோட்டம் வந்த வீட்டில் கக்கூசையும் கழுவு தொட்டியையும் துடைக்கக் குளோரின் திரவம்தான் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பயன்படுத்தினால் நடுவில் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். குளோரின் திரவத்தோடு வினாகிரியோ, சிற்றிக் அமிலமோ, கக்கூசுக்கு ஊற்றும் அமிலமோ கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்னக் குளியலறையில் அது உயிராபத்து. தெரியாமல் கலந்துவிட்டால் நின்று கழுவப் பார்க்காமல் உடனே வெளியே வந்து கதவைத் திறந்து விடுங்கள்.

மிச்சப் போத்தலுக்கு வேலை

மீன், நண்டு வெட்டிய கை, பலகை, தொட்டி ஆகியவற்றின் வெடுக்கு ஒரு காரப் பொருள். அமிலம் பட்டதும் அது உப்பாகி ஆவியாகாமல் நின்றுவிடும், தண்ணீரோடு கழுவுப்பட்டுப் போகும். மீனும் நண்டும் போட்டுக் கூழ் காய்ச்சிய நாளில் ஒரு மேசைக்கரண்டி அப்பிள் வினாகிரியை ஒரு கோப்பை தண்ணீரில் கலந்து பலகையில் தேய்த்து, இரண்டு நிமிடத்தில் கழுவுங்கள். பிழிந்த தேசிக்கோதும் இதையே செய்யும்.

அப்பிள் வினாகிரி மற்ற எல்லாவற்றையும் வெல்லும் வேலை ஒன்று உண்டு. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுக்க வைத்திருக்கும் அறையில் மொய்க்கும் குட்டி ஈக்களைப் பிடிப்பதற்கு வெள்ளை வினாகிரியைவிட அது நல்லது, ஏனென்றால் அந்த ஈக்கள் தேடி வருவது புளித்த பழத்தின் வாசத்தை. சிறு குவளையில் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். சொட்டு விடாவிட்டால் ஈ தண்ணீரின் மேற்பரப்பில் நின்று குடித்துவிட்டுப் பறந்துவிடும். விட்டால் மேற்பரப்பு இழுவை குறைந்து மூழ்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். மரத்திலேயே மாங்காயைக் குத்திப் புழு வைக்கும் பழ ஈ வேறு இனம். அது இந்தக் குவளைக்கு வராது.

துணியின் கடைசி அலசலுக்கு வெள்ளை வினாகிரி மட்டும்: 10 லீற்றர் வாளிக்கு 120 மில்லிலீற்றர். இருகாபனேற்று தின்றதுபோக மிஞ்சுவதுதான் துணியில் தங்கிய சவர்க்காரக் காரத்தை எடுக்கும். மழைத்தண்ணீரில் அலசினால் 30 மில்லிலீற்றரே போதும்.